சங்கு ஊதினா எந்தப் பக்கம் ஓடுறது?

நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். இடையிடையே கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன், தாளில் வாடை அடித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேரிடர் ஒத்திகை. வருகிறவர்களுக்குத் தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலுமாக நாசி லெமாக். மண் சரிந்தால் என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. சம்பலில் நெத்திலி போடுவது என்று போன வாரமே முடிவாகிவிட்டது.

நான் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள். இது பேச்சு வராதவர்களோடு பேசுகிற வேலை, அதனால்தான் எனக்குப் பிடித்தது. தாய்மார்கள் மலைக்குக் கொழுந்து வெட்டப் போனால் அவர்கள் பிள்ளைகள் சாயங்காலம் வரைக்கும் என்னிடம்தான். என் மகன் கவினும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். எனக்குச் சின்ன வயசுதான். ஆனாலும் வேலைக்குப் பேர் ஆயா என்பதால் பல்லுப் போன தாத்தாக்கள்கூட என்னை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பெரியவர்கள் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சுட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கமிட்டியில் போட்டார்கள். உங்களிலும் யாராவது கமிட்டியில் மாட்டியிருப்பீர்கள். படித்து ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள்.

கை தூக்காத குற்றம்

கொட்டகை இருப்பது மேட்டுக்கு அடியில். பின்னால் செங்குத்தாக மண், பக்கத்தில் ஓடை. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வரைக்கும் வந்து நின்றது. பிள்ளைகள் இல்லாத நாள், தப்பித்தோம். பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தச் சேற்றைப் போய்ப் பார்த்தவள் நான். ஜன்னலுக்குக் கீழே நின்ற மண்ணைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

"நடந்ததுலேர்ந்து பாடம் படிக்கணும்" என்று ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு கமிட்டி போட்டார். மேலே மண்டபம் சும்மா கிடக்கிறது, பிள்ளைகளை அங்கே மாற்றுங்கள் என்று கேட்பதற்காகவே நானும் கூட்டத்துக்குப் போனேன். கவின் தலைமுடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டும் விட்டேன். கவினுக்கு மட்டும் கேட்டது. "ஆயாவ எச்சரிக்கைப் பொறுப்பாளரா போடலாமா? வேணாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கிராணி. என் இரண்டு கையிலும் பிள்ளை. ஆபத்து வந்தால் ஊரே கேட்கும்படி கத்த வேண்டிய வேலை எனக்கு வந்து சேர்ந்தது. "ஐயோ, அவளுக்குச் சத்தமே வராதுங்க" என்று சொன்னாள் எனக்கு ஒத்தாசையாக இருக்கும் பாக்கியம் அக்கா. கிராணி சிரித்தார்:

"பேசாத ஆளுதான் கமிட்டிக்கு நல்லது. கூட்டம் சீக்கிரம் முடியும் லா!"

முதல் பாடம்: போர்டு

இடம் ஆபத்தானது என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான் போன தடவை நடந்த தப்பு என்று கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கே தெரியாமல் போயிருக்கிறது பாருங்கள். அதனால் ஒரு பெரிய போர்டு வந்தது. கல் உருள்கிற மாதிரி படம், கீழே ஓடுகிற ஆள். ஓடுகிற ஆளுக்குக் காலில் நல்ல சப்பாத்து போட்டிருந்தார்கள்.

போர்டு நிற்கக் கான்கிரீட் கால் வேண்டும். கால் நிற்கக் குழி வேண்டும். குழி தோண்டக் கொட்டகைக்குப் பின்னால் மேட்டை வெட்டினார்கள். வெட்டின மண்ணை மழைத்தண்ணி போகிற கால்வாயில் கொட்டினார்கள். போர்டு திறக்கிற அன்றைக்கு எல்லாரும் கிட்டப் போய் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஓடிவந்து கத்தினார்:

"ஏய், போர்டுகிட்ட நிக்காதீங்க, அங்கதான் மண்ணு சரியுது!"

இரண்டாம் பாடம்: சங்கு

போன தடவை யாருக்கும் தகவல் போகவில்லை, அதனால் தொழிற்சாலைச் சங்கை ஊதுவது என்று முடிவானது. சங்கு ஊதினால் எல்லாரும் மேட்டு மண்டபத்துக்கு ஓட வேண்டும். ஒத்திகைக்கு வெயில் அடிக்கிற நல்ல நாளாகப் பார்த்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் காலங்காலமாகச் சங்கு ஊதினால் பெரட்டுக்குப் போக வேண்டும். பெரட்டு என்றால் காலையில் வரிசையாக நின்று மண்டோரிடம் பேர் கொடுப்பது. சங்குச் சத்தம் கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகும். அன்றைக்கும் போனது. கூடை, கொழுந்து வெட்டுகிற கத்தரி, தலைக்குக் கட்டுகிற துணி எல்லாவற்றோடும் மொத்தத் தோட்டமும் இறங்கிவந்து பெரட்டுக் களத்தில் வரிசை கட்டி நின்றது. களம் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? கொட்டகைக்குப் பக்கத்தில், அதே மேட்டுக்கு அடியில். லீவில் இருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். போன வாரம் வேலைக்கு வந்த ஒரு நேப்பாளத்து ஆள் மட்டும், பழக்கம் தெரியாததால், சொன்னபடி மண்டபத்துக்கு ஏறிப்போய்த் தனியாக நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் மண்டோரும் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மேலே கை காட்டினார்:

"சங்கு ஊதியும் வராம மலையில நிக்கிறான் பாரு, அவனுக்கு ஆப்சென்ட் போடு!"

மூன்றாம் பாடம்: மணி

சங்கு சரிப்படவில்லை, கோயில் மணியை அடிப்போம் என்றார்கள். அடித்தார்கள். வந்தவர்கள் கால் கழுவி, திருநீறு பூசி, கையில் கிண்ணத்தோடு வந்தார்கள். மாரியம்மன் கோயில் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம். அதாவது, ஓடை பெருகினால் போகக் கூடாத பக்கம். "மண்ணு சரியுதுன்னு அர்த்தம், மண்டபத்துக்குப் போங்க" என்று வாசலில் நின்று நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். என்னைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கியம் அக்காவே கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிக் கோபப்பட்டாள்:

"மணி அடிச்சு வரச்சொல்லிட்டு மண்ணு சரியுதுன்னா எப்படிடி? ஒரு சுண்டலாவது குடுத்துச் சொல்லக்கூடாதா?"

நான்காம் பாடம்: படகு

கீழ் நாட்டில் வெள்ளம் வந்தபோது படகு இல்லாமல் சனங்கள் பட்ட பாட்டைக் கிராணி டிவியில் பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் மலை உச்சிக்கு லோரியில் ஒரு ரப்பர் படகு ஏறி வந்தது. காற்று அடித்து ஊதிப் பார்த்தார்கள், மண்டபத்துக் கதவில் நுழையவில்லை. உள்ளே ஏற்கெனவே கம்பளி, நாற்காலி, தண்ணி இறைக்கிற மெஷின், ஒலிபெருக்கி என்று கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். படகை வெளியே அஞ்சடியில், கூரை போட்ட வராந்தாவில் கட்டிப்போட்டார்கள். சாமான் திருடு போகக் கூடாது என்று மண்டபத்துக்குப் பெரிய பூட்டு. சாவி கிராணி இடுப்பில்.

அன்றைக்குத்தான் கூட்டத்தில் முதல் தடவையாக என் குரல் வெளியே வந்தது. "பிள்ளைங்க எங்கங்க உக்காரும்?" என்றேன். மண்டோர் திரும்பி, யார் பேசியது என்று தேடினார். கிராணி மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார்:

"ஆபத்து வந்தா சாமானத்த எல்லாம் வெளிய எடுத்து வச்சிருவோம்ல, அப்ப எடம் இருக்கும்மா."

பாடத்தில் இல்லாத மழை

அப்புறம் மழை ஒத்திகை இல்லாமலே வந்தது. மத்தியானம், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பின்சுவருக்கு அடியிலிருந்து செம்மண் தண்ணி கசிந்து, தொட்டில் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. கால்வாயில்தான் போர்டுக்கு வெட்டின மண் கிடக்கிறதே, தண்ணி வேறு எங்கே போகும்? எச்சரிக்கைப் பொறுப்பாளர் நான். கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சங்கு ஊதச் சொல்லலாம். ஊதினால் எல்லாரும் இங்கே வந்து வரிசை கட்டுவார்கள். மணி அடித்தால் கிண்ணத்தோடு ஓடையைத் தாண்டுவார்கள். அதனால் பேசாமல் கவினைப் பாத்தேக் துணியால் முதுகில் கட்டினேன், இடுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று. பாக்கியம் அக்காவும் அள்ளினாள். நடக்கிற பிள்ளைகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏறினோம்.

மண்டபம் பூட்டிக் கிடந்தது. சாவி, முன்னேற்பாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்காகக் கிராணியோடு டவுனுக்குப் போயிருந்தது. மழை சாய்த்து அடிக்கிறது, பிள்ளைகள் நடுங்குகிறார்கள். அஞ்சடியில் படகு. உள்ளே உட்கார வைத்தோம். மேலே பிளாஸ்டிக் துணியை இழுத்து மூடினோம். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. குதிக்கக் குதிக்க மெத்தை மாதிரி இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் கீழே தடதடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். கொட்டகை ஜன்னல் தெரியவில்லை. தொட்டில் இருந்த இடத்தில் மண்ணும், மண்ணுக்கு மேலே போர்டும் கிடந்தன. ஓடுகிற ஆள் மல்லாந்து கிடந்தார். பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். தாய்மார்கள் மலையிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்து, பிள்ளைகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக வந்த கிராணி, மலை உச்சியில் படகு நிறையப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாத்தீங்களா, படகு எதுக்குன்னு சிரிச்சீங்களே எல்லாரும்!"

ஐந்தாம் பாடம்

அந்த மழைக்குப் பிறகு கூடின கூட்டத்தில் எடுத்த முடிவு: இன்னொரு படகு. கொட்டகையிலிருந்து மண்ணை அள்ளி, கழுவி, வெள்ளையடித்து, அதே இடத்தில் திறந்தாகிவிட்டது. புது போர்டும் வந்துவிட்டது. ஆனால் நான் பிள்ளைகளை இன்னும் கீழே கொண்டுபோகவில்லை. மேலேயே வைத்துக்கொள்ளலாமா என்று போய்க் கேட்க வெட்கம், அதனால் கேட்கவில்லை. கேட்காததால் யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதோ அஞ்சடியில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் படகில் தூங்குகிறார்கள், நான் பக்கத்தில் நெத்திலியோடு.

காலையில் மண்டோர் வந்து நாளைய ஏற்பாட்டை விளக்கினார். வருகிற விருந்தாளிகள் கண் முன்னால் பிள்ளைகளைக் காப்பாற்றிக் காட்ட வேண்டுமாம். மேலே இருக்கிற பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது? அதனால் முதலில் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம், இன்றைக்குச் சாயங்காலமே ஒரு தடவை செய்து பார்க்க வேண்டுமாம். ராத்திரி முழுக்கப் பெய்த மழை இன்னும் விடவில்லை, மேடு ஊறிப்போய் இருக்கிறது என்றேன். இந்தத் தடவை அவருக்குக் காது கேட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மழையா இருந்தா இன்னும் நல்லதும்மா, போட்டோ உண்மை மாதிரியே வரும்."

ஆக, இத்தனை ஆபத்திலிருந்தும் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: போர்டு, சங்கு, மணி, சாவி எதுவும் பிள்ளையைத் தூக்காது, அதைத் தூக்குகிறவள் முதலில் வாயைத் திறந்து — இருங்கள், கிராணி கீழே நின்றுகொண்டு கத்துகிறார், "ஆயா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம், பிள்ளைங்களக் கீழ எறக்கு!" என்று, நெத்திலித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், அத்தனை பேர் முன்னாலும், முடியாது என்று