லாபம், ரெண்டு, மூணு

மீனாம்பாள் எதை எண்ணினாலும் முதல் எண்ணை "லாபம்" என்றுதான் சொல்வாள். வீட்டில் அரிசி அளந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் சிலேட்டு கொடுத்தாலும் சரி, லாபம், ரெண்டு, மூணு. ஆம்பூர் தோல் கிடங்கில் ஆட்டுத்தோல் எண்ணிப் போட்ட அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடும் என்பது அவர் பயம்.

அவள் நாலாம் வகுப்பில் பாதிவரை படித்தவள். மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. கிடங்குத் தெருப் பள்ளிக்கு ஆள் கிடைக்காமல், சின்னப் பிள்ளைகளை அழாமல் உட்காரவைப்பாள் என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதல் வாரம் அழுதது அவள்தான். சமாதானம் செய்தது பிள்ளைகள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நூறுவரை எண்ணவேண்டும், இருபதுக்குள் கூட்டிக் கழிக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்கும்போது பாதிப் பேராவது தேறாவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் பிள்ளைகள் நேரே தோல் உலர்த்தப் போகவேண்டியதுதான். மீனாம்பாள் ராப்பகலாய்ச் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்ததாக நினைப்பு வேறு.

இன்ஸ்பெக்டர் வந்தார். முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு அவர் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தாள். கன்றுத்தோல், நல்ல பதம். அதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஆறு வயது தனகோடி எழுந்தாள்.

"எண்ணு பாப்பா."

"லாபம், ரெண்டு, மூணு..."

அடுத்த பிள்ளையும் லாபம். அதற்கடுத்ததும் லாபம். மீனாம்பாளுக்கு அப்போதுதான் அது காதில் விழுந்தது.

"எட்டுல ஏழு போனா?"

"லாபம் சார்."

"ஏழு போயிருக்கே, நஷ்டமில்லையா?"

"எனக்கு இன்னா சார் நஷ்டம்? உங்களுதுதானே போச்சு," என்றாள் தனகோடி.

"யாரம்மா இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான் சார்," என்று மீனாம்பாள் சப்பாத்திடம் சொன்னாள். "தானா வந்துடுது."

அவர் புளியங்கொட்டையைப் பரப்பிக் கூட்டச் சொன்னார், கழிக்கச் சொன்னார். பிள்ளைகள் தப்பே செய்யவில்லை. பள்ளியின் பார்வைப் புத்தகத்தில் எழுதினார்: "பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிகிறது. ஆசிரியைக்கு ஒன்று தெரியவில்லை. மூன்று மாதத்தில் மறுபரீட்சை."

பெரிய வாத்தியார் ரத்தினசாமி அதை "ஒன்றும் தெரியவில்லை" என்று வாசித்தார். மீனாம்பாள் திருத்தவில்லை. எப்படி வாசித்தாலும் சரியாகத்தான் இருந்தது.

அன்றுமுதல் அவள் லாபம் என்றால் வகுப்பே சேர்ந்து, "ஒண்ணு டீச்சர்" என்றது. பிள்ளைகள் நாலு நாளில் திருந்திவிட்டார்கள். அவள் திருந்தவில்லை. மறுபரீட்சையன்று வாயையே திறக்காமல் நின்றாள். அவள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வகுப்பு தேறிவிட்டது.

இப்போது ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். எல்லோரும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். சிலேட்டை எண்ணிக் கொடுப்பது தனகோடியின் தங்கை. மீனாம்பாளை எண்ண விடுவதில்லை.