மதிலைப் பார்த்த டொக்டர்

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தோம். சோதனைக்கு ஆமி வருமென்ற பயத்தில், சாப்பிட்ட கையோடு லைற்றை நூர்த்துப் படுத்துவிடுவோம். எனக்கு நெஞ்செரிவு வந்தது. பிறகு சோறு விழுங்கவும் நொந்தது. புற்றுநோய்தான் என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகள் கண்டுபிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் நரைத்த, ஒல்லியான மனிதர். கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். என் முகத்தைப் பார்க்காததால் எனக்கும் வாய் திறந்தது.

"எரிஞ்சால் என்ன செய்வீங்கள் அம்மா?"

"தேசிக்காய் புளிஞ்சு தண்ணி குடிக்கிறனான்."

"ஐயோ, புண்ணிலை புளி விடுறீங்களே! வயித்துப் புளிப்பு மேல வந்து, சாப்பாட்டுக் குழாயின்ர உள்தோலை அவிச்சுப்போட்டுது. வயிறு அதைத் தாங்கும், குழாய் தாங்காது. சாப்பிட்ட உடனை படுக்காதேங்கோ."

"அப்ப புற்றுநோய் இல்லையோ?"

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை அம்மா. மருந்து தாறன். வருத்தம் மாறாட்டில் உள்ளுக்குக் கமரா விட்டுப் பாப்பம்."

மருந்திலேயே வருத்தம் மாறிவிட்டது. சாப்பிட்டபின் இருட்டில் சுவரோடு சாய்ந்திருக்கும்போதெல்லாம் அவரைக் கும்பிடுவேன். எல்லாரிடமும் அப்படி ஜன்னல் பக்கம் திரும்பித்தான் கேட்பாரோ, தெரியாது. அந்த ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு மதில்தான்.