ஹார்னில் வடிந்த தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அருவருப்பும் எனக்குக் கிடையாது. கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவி, அடுத்த நிமிஷம் சாப்பிட உட்காருவேன். நீங்கள் நம்பாமல் போகலாம், ஆனாலும் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பியானோ வாசிப்பது நான்தான். அதனால்தான் அருண் என்னைத் தேடி வந்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவரின் மகன், வெளிநாட்டில் மேற்கத்திய இசை படித்தவன். அவர்கள் கம்பெனி வெடிவிபத்தில் இறந்தவர்களின் நினைவாக ஹார்னுக்கும் பியானோவுக்குமாக ஒரு பீஸ் எழுதியிருந்தான். ஹார்ன் என்றால் வட்டமாகச் சுருட்டிய பித்தளைக் குழாய், வாய் மட்டும் அகலமாக இருக்கும். சனிக்கிழமை நினைவுக் கூட்டத்தில், இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் அவன் ஹார்ன் ஊத, நான் பியானோ வாசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் ஒத்திகை. முதல் இரண்டு பகுதிகள் என் காதுக்குப் பழக்கமில்லாதவை, ஆனால் நன்றாகவே இருந்தன. மூன்றாவதில் ஹார்னுக்குச் சுரமே இல்லை. வெறும் மூச்சுதான். இரண்டு சின்ன மூச்சு, நீண்ட இடைவெளி, பிறகு கரகரவென்று ஒன்று. என் கை கட்டையிலேயே நின்றுவிட்டது.

"தம்பி, இது காளியம்மா மூச்சுல்ல?"

"ஆமாக்கா," என்றான், கொஞ்சம் பெருமையாகவே. "ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப போன்ல பதிஞ்சேன். நீங்கதான உள்ள விட்டீக?"

விட்டது நான்தான். முதலாளி வீட்டுப் பையன் பார்க்க வந்திருக்கிறானே என்று நினைத்தேன். காளியம்மா அந்தக் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைத்தவள். நாலு நாள் கிடந்து என் ஷிப்டில்தான் இறந்தாள். அவளுடைய கடைசி மூச்சைத் தாளில் எழுதி, அவள் மகளுக்கே வாசித்துக் காட்டப் போகிறான். எனக்கே அருவருப்பாக இருந்தது, அவனை நினைத்து மட்டுமல்ல, அவனை உள்ளே விட்ட என்னை நினைத்தும்.

"நான் இத வாசிக்க மாட்டேன்."

"அவுகளுக்குச் செய்யுற மரியாதைக்கா இது," என்று சொல்லிக்கொண்டே ஹார்னைக் கவிழ்த்து உதறினான். ஊதுகிறவரின் மூச்சு உள்ளே தண்ணீராகத் தேங்கும், அவ்வப்போது கொட்டுவார்கள். அதுவரை இரண்டு சொட்டுதான் விழுந்துகொண்டிருந்தது. இப்போது மஞ்சளாக, பிசுபிசுவென்று, நிற்காமல் ஒழுகியது, ஒரு டம்ளருக்கு மேலேயே இருக்கும். கருகிய முடியும் பழைய கட்டுத்துணியும் கலந்த வாடை. தீக்காயக் கொப்புளம் உடைந்தால் வடிகிற நீர் அது. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அருண் ஹார்னை நாற்காலியில் போட்டுவிட்டு, உதட்டைப் புறங்கையால் தேய்த்தபடியே வெளியே ஓடி வாந்தி எடுத்தான். நம்பினால் நம்புங்கள், நாற்காலியில் கிடந்த ஹார்ன் மூச்சு விட்டது. இரண்டு சின்னது, இடைவெளி, கரகரவென்று ஒன்று.

வார்டில் பேசுகிற மாதிரியே என் வாயில் வந்தது: "காளியம்மா, போதும்மா. இத யாரும் வாசிக்க மாட்டாக."

நின்றது.

அருண் என் கண் முன்னாலேயே பதிவை அழித்தான், தாள்களைக் கிழித்தான். சனிக்கிழமை எதையும் வாசிக்கவில்லை. காளியம்மாவின் மகள் என் கையைப் பிடித்து, "எங்கம்மாவ நல்லாப் பாத்துக்கிட்டீக சிஸ்டர்," என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

தரையைத் துடைக்கும் முன் அந்த நீரில் கொஞ்சம் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வைத்திருந்தேன், நர்ஸ் புத்தி. திங்கட்கிழமை எங்கள் லேபில் வேலை பார்க்கும் முருகேசனிடம் கொடுத்தேன், யாருடையது என்று சொல்லவில்லை. மறுநாள் காலை கூப்பிட்டான்.

"கொப்புளத் தண்ணிதான் சிஸ்டர், சந்தேகமே இல்ல. ஆனா இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ராத்திரி பூரா ஃபிரிட்ஜ்லதான் இருந்துச்சு."

வாங்கினேன். காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி கொதித்தது. கொட்ட இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. இன்னும் அந்த ஃபிரிட்ஜின் அடித்தட்டில்தான் இருக்கிறது. முருகேசன் எப்போதாவது தொட்டுப் பார்ப்பான், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். இன்னும் ஆறவில்லை.