பீரோவில் ஒட்டிய தலைமுடி

சந்தேகப் படங்களைப் பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டுக்குள் யாரோ வந்துபோகிறார்கள் என்று கதாநாயகி கதறுவாள். கணவன் சிரிப்பான், டாக்டர் மாத்திரை எழுதித் தருவார், போலீஸ்காரர் காபி குடித்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட படங்களை இன்றும் தேடித் தேடிப் பார்க்கிறேன். எனக்கிருக்கும் கொஞ்சநஞ்ச புத்தியும் அவற்றிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவள் அத்தை. அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டின் பின்பக்க அறை அவளுடையது. அவள் உயிரோடிருக்கும்வரை அது அவளுக்கே என்று தாத்தா உயில் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் வாடகை சிடி ஒன்றும் வறுத்த கடலைப் பொட்டலமுமாக வருவாள். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு இருவரும் பார்ப்போம். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருஷம் அப்பாவுக்கு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் ஆசை பிறந்தது. அத்தை அறையை விட்டுத்தர மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகுதான் தன் பீரோவை யாரோ திறக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். புடவை மடிப்பு கலைந்திருக்கிறது, பைல் இடம் மாறியிருக்கிறது என்பாள்.

"சினிமா பாத்துப் பாத்து மண்டை குழம்பிடுச்சுக்கா உனக்கு. உன் ரூமுக்கு யாரு வரப்போறா?" என்பார் அப்பா.

அம்மா உச்சுக் கொட்டுவாள். ஓசூர் ரோட்டுப் பக்கம் மனசு சரியில்லாதவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே போய் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அத்தை போனால் திரும்பி வர அறை இருக்காது என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

அத்தை அசரவில்லை. படத்தில் பார்த்தது போலவே தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, பீரோவின் இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே கோந்து தொட்டு ஒட்டினாள். பள்ளி விட்டு வந்ததும் இருவரும் போய்ப் பார்ப்போம். மூன்று தடவை அறுந்திருந்தது. முடி என்றால் அறுந்துதான் போகும் என்றார் அப்பா. அவர் சொன்னதற்கு வீடே தலையாட்டியது, நானும்தான்.

பிறகு ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அத்தை பள்ளிக்கும் அம்மா மார்க்கெட்டுக்கும் போயிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பா லீவு போட்டிருந்தார். படுத்துப் படுத்து அலுத்துப்போய், முடி இருக்கிறதா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். பீரோ திறந்து கிடந்தது. ஒரு கையில் சாவியும் இன்னொரு கையில் தாத்தாவின் உயிலை அத்தை வைத்திருந்த பழுப்பு உறையுமாக அப்பா நின்றிருந்தார்.

"அத்தை கிட்ட சொல்லாத கண்ணு. எல்லாம் அவ நல்லதுக்குத்தான்," என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் உறையைத் தன் ஆபீஸ் பைக்குள் வைத்ததையும் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். அத்தையைச் சந்தேகத்தின் ஆவி பிடித்திருக்கிறது, ஜெபித்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி இல்லத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று அப்பாதான் அழைத்திருந்தார். எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். அத்தை கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். படத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் கதாநாயகியின் முகம் அப்படியே அவளுக்கு இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் சின்னவர்களிடமிருந்துதான் தொடங்கும். ஜெபிப்பவரை நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. அத்தையின் சமாதானத்துக்காக நாலு வார்த்தை ஜெபிக்கும்படி போதகர் என்னிடம் சொன்னார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே, அத்தைக்கு சமாதானம் குடுங்க. அப்பா டூப்ளிகேட் சாவி போட்டு அத்தை பீரோவத் திறந்து தாத்தா உயில எடுத்தத மன்னிச்சிடுங்க. அது அப்பாவோட ஆபீஸ் பையில இருக்கு. அதத் திருப்பிக் குடுக்க அவருக்கு நல்ல மனசு குடுங்க. இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்."

போதகர் பழக்க தோஷத்தில் ஆமென் என்றார். அத்தையின் ஆமென் அதைவிடச் சத்தமாக வந்தது. நான் சத்தியத்தை மீறவில்லை. அத்தையிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேனே தவிர, ஆண்டவரிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். போதகர் எழுந்து போய் அந்தப் பையைத் தானே எடுத்து வந்தார்.

அத்தை இன்றும் அந்த அறையில்தான் இருக்கிறாள். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை.

அத்தை அன்று ஏன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை என்பது மட்டும் எனக்கு வெகுநாள் புரியவில்லை. முதல் முடி அறுந்த அன்றே அது யார் வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படங்களில் கதாநாயகி கடைசிவரை தேடுவது திருடனை அல்ல, ஆமாம், நானும் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆளை. ஒன்பது வயதுப் பிள்ளையைப் போய் இதில் இழுத்தாளே என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அத்தை நல்ல உயரம். பீரோவின் கைப்பிடி அவள் மார்பு உயரத்தில் இருந்தது. முடியை மட்டும் ஒவ்வொரு தடவையும் குனிந்து, என் கண்ணுக்கு நேராக ஒட்டினாள்.