உப்பில்லாத சாம்பார்

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் சமைத்துப் பரிமாறியவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள், தோளில் கட்டம்போட்ட துண்டு. யார் சாப்பிட்டாலும் கடைசிக் கவளம் தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே கைகட்டி நிற்பார்.

அது ஐம்பதுகளில் மலாயாவில் இருந்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, சமைத்த சோற்றை வெளியே கொண்டுபோகத் தடை. அவர் ஏன் நிற்கிறார் என்பது புரிந்தது. சாம்பார்தான் புரியவில்லை. நல்ல பசியோடு ரயிலிறங்கிப் போய் உட்கார்ந்தேன். சாம்பாரில் உப்புமில்லை, புளியுமில்லை. சோறு குழைந்து களியாகக் கிடந்தது.

“என்னண்ணே, வாயில வைக்க முடியலையே?”

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். “ருசியா ஆக்கினா, வீட்டுக்கும் கொஞ்சம் மடிச்சிக்கிட்டுப் போகத் தோணும்ல தம்பி? போன மாசம் ஒருத்தன் இங்க சாப்பிட்டு, மிச்சத்த இடுப்புல கட்டிக்கிட்டுப் போனான். எஸ்டேட் கேட்டுல சோதனை போட்டுப் பிடிச்சிட்டாங்க. இன்னும் ஆள் வரல லா.”

நான் இலையை வழித்து விழுங்கினேன்.

அவசரகாலம் முடிந்தபின் ஒருநாள், இனி நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று ஆசையாகப் போனேன். அதே களி, அதே சாம்பார். எதிரே அதே கைகட்டு.

“இப்பத்தான் தடை இல்லையேண்ணே?”

“கை அப்படியே பழகிப்போச்சு லா,” என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டே.

அந்த மனிதருக்குப் பயம் போகவில்லையா, இல்லை சமைக்கவே தெரியாதா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அன்றும் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல்தான் எழுந்தேன்.