ஈர மேசையும் ஒரு பொய்யும்

சவூதியின் யான்பு நகரில் நான் பணிபுரிந்த காலம். நண்பர் டூட்டியில் இருந்தமையால், அவர் மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். திரும்புகையில், "பசிக்குது அங்கிள்" என்றார். ஒரு சிறிய உணவகத்தின் குடும்ப அறையில் அமர்ந்தோம். மேசை ஈரமாக இருந்தது. "துடைக்கக்கூடத் தெரியாதா?" என்று, கீழக்கரைக்காரரான சர்வரைக் கடிந்தேன்.

சோறு வருமுன், திரையை விலக்கி ஒரு காவலர், "இந்தப் பெண் யார்?" என்றார். உறவற்ற பெண்ணுடன் அமர்வது அங்கே குற்றம். வேலையும் மானமும் போய்விடும். காவலருக்குப் பின்னால் சர்வர் வந்து நின்றார். சர்வர்தான் அரபியில், "இவருடைய மகள்" என்றார். என் நரையைப் பார்த்துவிட்டுக் காவலர் அகன்றார்.

"மேசை இப்ப சுத்தமா இருக்கா, சார்?" என்றார் சர்வர், ஈரத்தைத் துடைத்தபடி.

பொய்யே பேசாதவன் என்று பெயரெடுத்த நான், இன்னொருவரின் பொய்யால் தப்பினேன். நன்றிகூடச் சொல்லாமல் வெளியேறினேன். இன்று எந்த உணவகத்திலும் என் மேசையை நானே துடைத்துக்கொள்கிறேன்.