துணிதானே, பூவா?

கோவிந்தம்மாக்கா போயிட்டாங்க. இன்னைக்கு விடியக்காலைல, சித்தூர்ல.

துணிப்பூ செய்யற ஷெட்ல நான் வேலை பாத்தப்ப பக்கத்து ஸ்டூல் அவங்களோடது. ஆறு வருஷம்.

வாட்ஸப்புல போட்டோ வந்தது. அதைப் பாத்ததுல இருந்து அழுகையை விட அருவருப்புதான் அதிகமா இருக்கு. ஏன்னு சொல்றேன்.

அப்போ ஊரெல்லாம் புதுசு புதுசா கல்யாண மண்டபம் வந்துட்டு இருந்த நேரம். மேடைக்கு, காருக்கு, பொண்ணு ஜடைக்கு... எல்லாத்துக்கும் துணிப்பூதான் கேட்டாங்க.

சாட்டின் துணியை இதழா வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தி மேல காட்டினா சுருளும். ஒரு செகண்ட் கூடப் போனா கருகிடும். அக்கா கையில ஒரு இதழ் கருகி நான் பாத்ததில்ல.

அக்கா வடமாலபேட்டை பக்கம். புருஷன் செத்து, சின்ன வயசுலயே பொழைக்க சித்தூர் வந்தவங்க.

ஒரு நாள் ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா, ஆர்டர் குடுத்த பூ ஜடையை வாங்க நேரா ஷெட்டுக்குள்ளயே வந்துட்டாங்க. அக்காவோட வெறும் நெத்தியைப் பாத்தாங்க. கையில இருந்த ஜடையைப் பாத்தாங்க.

"ஏங்க, தாலியறுத்தவ கையால செஞ்ச பூவையா எம்பொண்ணு தலையில வெக்கறது?"

அக்கா காதுல விழணும்னே கேட்டாங்க. சீ...

முதலாளி சிரிச்சாரு. "குட்டே கதம்மா, பூவு காது"ன்னு தெலுங்குல ஆரம்பிச்சு, "துணிதானேம்மா இது, பூவா என்ன?"ன்னு தமிழ்லயும் சொல்லி சமாளிச்சாரு. அந்தம்மா ஜடையை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அந்த வார்த்தையை அக்கா பத்திரமா எடுத்து வெச்சிருந்தாங்க போல.

ஆயுத பூஜை அன்னைக்கு நாங்கல்லாம் மல்லி வெச்சுட்டு வந்திருந்தோம். அக்கா தலையிலயும் ஒரு சின்ன ஆரஞ்சு கொத்து. மிச்சத் துண்டுல அவங்களே செஞ்ச கனகாம்பரம்.

"கோவிந்தம்மா, இன்னாது அது? பூஜை நேரத்துல பூ வெச்சிக்கினு வந்து நிக்கற?"ன்னாரு முதலாளி.

"துணிதானுங்களே... பூ இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

யாரோ சிரிச்சுட்டாங்க. முதலாளிக்கு முகம் செவந்துடுச்சு. என்னைப் பாத்து, "நீ எடு அதை"ன்னாரு.

எடுத்தேன்.

வேலை போயிடும்னு பயம். நைனா அப்போ படுத்த படுக்கை. எல்லாம் நிஜம்தான்... ஆனாலும் எடுத்தது இந்தக் கை. டைப் பண்ணும்போதே அருவருப்பா இருக்கு.

கொண்டை ஊசியைக் கழட்ட எனக்கு எட்டல. அக்காவே தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக் குடுத்தாங்க.

அப்புறம் அதைப் பத்தி அவங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல. மறு மாசம் ரெண்டு பேரும் திருமலை போனோம். மலை மேல பொம்பளைங்க பூ வெக்கக் கூடாது, எல்லாப் பூவும் சாமிக்குத்தான். மலையடிவாரத்துல, அலிபிரியிலயே நான் என் மல்லியை எடுத்துட்டேன்.

கியூல நின்னப்ப அக்கா என் காதுகிட்ட வந்து சொன்னாங்க.

"பாரு, ஒருத்தி தலையிலயாச்சும் பூ கீதா? இங்க வந்தா எல்லாரும் என்ன மாதிரிதான். அதுக்குத்தான் வருஷா வருஷம் வரேன். சாமி அப்புறம்."

சொல்லிட்டு அப்படி ஒரு சிரிப்பு.

அப்புறம் சைனா பூ மூட்டை மூட்டையா வந்து இறங்குச்சு. ஷெட்டை மூடிட்டு முதலாளி அதையே வாங்கி வித்தாரு. அக்கா மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போனாங்க, நான் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்கு.

இப்போ போட்டோவுக்கு வரேன்.

அக்கா மேல கழுத்து வரைக்கும் மாலை. கால்மாட்டுல பெரிய வளையம், முதலாளி கடைப் பேர் போட்ட ரிப்பனோட. பக்கத்துல அவரு, நரைச்சுப் போய், கைகூப்பி போஸ்.

ஜூம் பண்ணிப் பாத்தேன். வளையம் பூரா சைனா துணிப்பூ.

இன்னைக்கு மட்டும் அது பூவாயிடுச்சா? தூ!

அக்கா தலையில மட்டும் ஒண்ணும் இல்ல. சீவி, முடிஞ்சு, வெறுமையா...

அன்னைக்கு எடுத்த கனகாம்பரத்தை நான் திருப்பிக் குடுக்கவே இல்ல. குடுக்க முகம் இல்ல. இத்தனை வருஷமா ஒரு பவுடர் டப்பாக்குள்ள இருக்கு. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கு, அவ்வளவுதான்.

நான் வர்ற வரைக்கும் தூக்காதீங்கன்னு போன்ல சொல்லிட்டேன். பஸ் பலமநேர் தாண்டிடுச்சு, சித்தூருக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். டப்பா மடியில இருக்கு.

தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக் குடுங்கக்கா. இந்தத் தடவை வெக்கறதுக்கு.